ஊறுகாய்ப்புல்லுக்கு எந்த மக்காச்சோளம்? டெல்டா மாடு வளர்ப்போருக்கு ஓர் எளிய விளக்கம்

சம்பா அறுவடை முடிந்து வயல் காலியாகும் நாட்களில் டெல்டாவின் விதைக் கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். “இந்த ரகம் 12 அடி வளரும், ஏக்கருக்கு 25 டன் பச்சைத் தீவனம் வரும், சைலேஜுக்கு இதை விட்டால் வேறு கிடையாது.” வாங்குபவரும் உயரத்தையும் டன்னையும் மட்டும் கேட்டுக்கொண்டு விதைப்பையைத் தூக்கிச் செல்கிறார். சில மாதம் கழித்து, பயிரை நறுக்கிக் காற்றுப் புகாமல் கட்டிவைத்த சைலேஜ் மூட்டையை, அதாவது ஊறுகாய்ப்புல் மூட்டையைப் பிரித்தால் அடியில் நாற்றமடிக்கும் நீர் தேங்கி நிற்கிறது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. தின்றாலும் பால் ஏறவில்லை. உடனே, “ஊறுகாய்ப்புல் நமக்கு ஒத்துவராது” என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடுகிறது.

ஒத்துவராதது ஊறுகாய்ப்புல் அல்ல. ரகத்தை அளந்த அளவுகோல். உயரமும் பச்சை எடையும் மாட்டின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதைச் சொல்வதில்லை. எதைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

காற்றை வெளியேற்றினால் என்ன நடக்கிறது?

ஊறுகாய்ப்புல், அதாவது சைலேஜ், பசுந்தீவனத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்தி மூடிப் பதப்படுத்துவது. செடியின் மேலேயே இயல்பாக வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள், காற்று தீர்ந்தவுடன் செடியில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏறி, அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவு 4-ஐ ஒட்டி இறங்கியதும் அழுகவைக்கும் கிருமிகள் ஒடுங்கிவிடுகின்றன. அதன்பின் மூடியைத் திறக்காத வரை தீவனம் மாதக்கணக்கில் கெடாது.

மக்காச்சோளத்தில் சர்க்கரை போதுமான அளவு இருக்கிறது. புரதம் குறைவு என்பதால் புளிப்பு ஏறுவதற்குத் தடையும் குறைவு. அதனால்தான் சைலேஜ் என்றதும் உலகெங்கும் முதலில் மக்காச்சோளம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பதப்படுத்துதல் தீவனத்தைக் காக்கும். வயலில் இல்லாத சத்தைப் புதிதாகச் சேர்க்காது. மூட்டைக்குள் என்ன போனதோ, ஏறக்குறைய அதுதான் வெளியே வரும். ஆகவே தரம் முடிவாவது விதை வாங்கும் நாளிலும் அறுக்கும் நாளிலும்.

கொள்முதல் நிலையத்தில் நமக்குத் தெரிந்த கணக்கு

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டியதும் முதலில் பார்ப்பது ஈரப்பதத்தை. 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்துக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தளர்வு கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். ஈர நெல்லின் எடையில் ஒரு பங்கு தண்ணீர், அதற்கு விலை கிடையாது என்பது டெல்டாவில் சிறுவர்களுக்கும் தெரியும். அதே கணக்கைத்தான் மாட்டுத் தீவனத்தில் மறந்துவிடுகிறோம்.

தீவனத்திலிருந்து தண்ணீர் முழுவதையும் நீக்கியபின் எஞ்சுவது உலர்பொருள். மாவு, நார், புரதம், தாது எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. இரண்டு வயல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 25 டன் பச்சை எடை, உலர்பொருள் 20 சதவீதம். மற்றொன்றில் 17 டன், உலர்பொருள் 34 சதவீதம். முதல் வயலில் மாட்டுக்குக் கிடைக்கும் உலர்பொருள் 5 டன். இரண்டாவதில் ஏறத்தாழ 5.8 டன். முதல் வயல்காரர் அறுவடைக் கூலியும் வண்டி வாடகையும் கொடுத்து 20 டன் தண்ணீரைக் கொட்டகைக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

நட்டம் அதோடு நிற்பதில்லை. உலர்பொருள் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மூட்டையிலிருந்து சாறு வடிகிறது; கரையும் சர்க்கரையும் தாதுவும் அதனுடன் போய்விடுகின்றன. ஈரம் மிகுந்த இடத்தில் லாக்டிக் அமிலத்துக்குப் பதிலாக நாறும் பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்கும் கிருமிகள் தலையெடுக்கின்றன. மாடு முகம் திருப்புவது இந்த நாற்றத்துக்குத்தான். மறுபக்கம், 40 சதவீதத்தைத் தாண்டிக் காய்ந்துவிட்டால் தீவனம் அழுந்தாது. இடுக்கில் காற்று நின்று பூசணம் பிடிக்கும். 32 முதல் 35 சதவீதம் வரை பாதுகாப்பான இடம்.

சுருக்கமாக: பச்சை எடையைக் கேட்காதீர்கள், அந்த ரகம் எத்தனை டன் உலர்பொருள் தரும், 32 சதவீதத்தை எப்போது எட்டும் என்று கேளுங்கள்.

கதிரில் பாதி, தட்டையில் பாதி

உலர்பொருளுக்குள்ளும் தரம் உண்டு. நன்கு மணி பிடித்த மக்காச்சோளத்தை அப்படியே வேரடியில் அறுத்து உலர்த்தினால், மொத்த எடையில் ஏறக்குறைய பாதி கதிரில் இருக்கும். கதிரின் மணிகளில் இருப்பது மாவுச்சத்து. பால் சுரப்பதற்கும் சதை போடுவதற்கும் மாட்டுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு இதிலிருந்து வருகிறது. நல்ல மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லின் உலர்பொருளில் மாவுச்சத்து 30 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கதிர் சிறுத்து, தண்டு மட்டும் ஓங்கி வளர்ந்த பயிரில் இது பாதியாகக் குறைந்துவிடும். 12 அடி உயரம் என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்த உயரத்தில் கதிர் எவ்வளவு என்று கேட்பவர் அரிது.

மீதிப் பாதி தட்டை, அதாவது தண்டும் தோகையும். இதில் நார்ச்சத்து அதிகம். நார் வேண்டாத பொருள் அல்ல. அசைபோடும் விலங்குக்கு அது உயிர்நாடி. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் நாரை உடைத்து ஆற்றலாக்கித் தருகின்றன. பாலின் கொழுப்புக்கு அங்கிருந்துதான் மூலப்பொருள் வருகிறது. சிக்கல் லிக்னினில் இருக்கிறது. லிக்னின் என்பது தண்டுக்கு விறைப்பைத் தரும், எந்த நுண்ணுயிரியும் இரைப்பைக்குள் உடைக்க முடியாத மரப்பொருள். அது நாரைச் சுற்றிப் பூட்டிவிடுகிறது. லிக்னின் மிகுந்த தட்டை செரிக்காமல் இரைப்பையிலேயே கிடப்பதால் வயிறு நிறைந்துவிடுகிறது. சத்துப் போதாத நிலையிலேயே மாடு தின்பதை நிறுத்திக்கொள்கிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒபாவும் ஆலனும் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 1999-இல் வெளியிட்டார்கள். தீவன நாரின் செரிமானம் ஒரு சதவீதப் புள்ளி கூடினால், மாடு நாளொன்றுக்கு 0.17 கிலோ உலர்பொருள் கூடுதலாகத் தின்கிறது, பால் 0.25 கிலோ கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. அந்த மாடுகள் நம் கலப்பினப் பசுக்களைவிட அதிகம் கறப்பவை. எனவே அதே எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. திசை மட்டும் மாறாது.

வெயிலில் வளரும் பயிரில் லிக்னின் கூடுதலாகப் படியும். நம் கோடைப் பயிருக்கு இது நேரடியாகப் பொருந்தும். எனவே தட்டையின் மென்மையைக் கவனிக்க வேண்டிய தேவை குளிர்நாட்டு விவசாயியைவிட நமக்கு அதிகம்.

லிக்னின் குறைந்த வகைகள் இல்லாமல் இல்லை. இலையின் நடுநரம்பு பழுப்பாக இருக்கும் ஒரு பிறவி மாற்றம் 1924-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கண்டறியப்பட்டது. அதை வைத்து உருவான ரகங்கள் நன்றாகச் செரிக்கும். ஆனால் தண்டு வலுவிழந்து சாயும், மகசூலும் குறையும். 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த மண்ணில், காற்றுக்குச் சாயும் ரகத்தை முழு வயலிலும் போட நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வீரிய ஒட்டும் ஆப்பிரிக்கன் டாலும் ஒன்றல்ல

இரண்டு தூய வழி மக்காச்சோளச் செடிகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதைதான் வீரிய ஒட்டு. பயிர் ஒரே சீராக வளர்ந்து ஒரே நாளில் பூக்கும். அதனால் வயல் முழுவதும் ஒரே பக்குவத்தில் அறுவடைக்கு வரும். ஊறுகாய்ப்புல்லுக்கு இந்தச் சீர்மை பெரிய வசதி. அதன் மணியை எடுத்து அடுத்த பட்டத்துக்கு விதைத்தால் வீரியம் குறையும், சீர்மையும் போய்விடும். ஒவ்வொரு முறையும் புது விதை வாங்கியே ஆக வேண்டும்.

டெல்டாவில் தீவன மக்காச்சோளம் என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கன் டால். அது ஒட்டு அல்ல, பல தாய்களின் கலவையான ஒரு கூட்டு ரகம். ஓங்கி வளரும், தோகை நிறைய இருக்கும். நெருக்கமாக விதைத்து 60 நாளில் அறுத்துப் பச்சையாகப் போடுவதற்கு நல்ல ரகம். அந்த வயதில் அதன் உலர்பொருள் 20 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். அதையே அறுத்து மூட்டை கட்டினால் தண்ணீர் வடியத்தான் செய்யும். ரகத்தின் குற்றம் அல்ல, வேலையை மாற்றிக் கொடுத்த குற்றம்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. மணிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எல்லா வீரிய ஒட்டுகளும் ஊறுகாய்ப்புல்லுக்குப் பொருந்தும் என்று நினைப்பது. கதிர் பக்குவமாகும் முன்பே தோகை காய்ந்துவிடும் ஒட்டுகள் உண்டு. மணிக்கு அது குறையே இல்லை, ஏனெனில் தட்டையை யாரும் அங்கே கணக்கில் எடுப்பதில்லை. நமக்கோ மணி முற்றும்வரை தோகை பச்சையாக நிற்க வேண்டும். அப்போதுதான் மழையோ, ஆள் தட்டுப்பாடோ குறுக்கிட்டால் நான்கைந்து நாள் தள்ளிப்போடலாம். இதிலும் ஓர் எச்சரிக்கை: தோகை பச்சையாக இருப்பதைப் பார்த்தே காத்திருந்தால், உள்ளே மணி கல்லாகிவிடும். நாள் குறிக்க வேண்டியது மணியைப் பார்த்து.

இந்தியச் சந்தையில் உள்ள ஒட்டுகள் பெரும்பாலும் ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் கெட்டியான மணி கொண்டவை. கெட்டி மணி முழுதாக மூட்டைக்குள் போனால் முழுதாகவே சாணத்தில் வரும். வெளிநாட்டு அறுவடை இயந்திரங்களில் மணியை நசுக்கும் உருளைகள் இருக்கின்றன. நம் கொட்டகையில் உள்ள சிறு நறுக்கும் இயந்திரங்களில் பொதுவாக அவை கிடையாது. எனவே மணி சற்று மென்மையாக உள்ள ஒட்டு கிடைத்தால் அதற்கு முன்னுரிமை. கிடைக்காவிட்டால் சில நாள் முன்னதாக அறுப்பது. மூட்டைக்குள் இரண்டு மூன்று மாதம் இருந்தபின் மணியின் மாவு எளிதாகச் செரிக்கும் நிலைக்கு வருகிறது என்பது ஓர் ஆறுதல்.

இதுவரை பார்த்தது: கதிர் கனமாக, தட்டை மென்மையாக, தோகை கடைசிவரை பச்சையாக, தண்டு சாயாமல். இந்த நான்கும் சேர்ந்த வீரிய ஒட்டு வேண்டும்.

டெல்டாவில் நாள்தான் முதல் சல்லடை

மேலே சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். காவிரிப் படுகையில் அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இந்த ரகம் எத்தனை நாளில் பக்குவமாகும்?

மக்காச்சோளம் தேங்கிய நீரைத் தாங்காது. ஆறு இலை விடும் வரை அதன் குருத்து மண்ணுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்தப் பருவத்தில் வயலில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் பயிர் மூச்சடைத்துச் சாகும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதியின் களிமண் வயலில் ஐப்பசி கார்த்திகையில் மக்காச்சோளம் போடுவது பயிரைப் பலி கொடுப்பது. அது நெல்லின் காலம்.

ஆக, கிடைப்பவை இரண்டு இடைவெளிகள். முதலாவது, சம்பா அறுவடைக்குப் பிறகு. வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். அதன்பின் வாய்க்காலை நம்ப முடியாது; ஆழ்துளைக் கிணறோ வடிமுனைக் குழாய்க் கிணறோ இருந்தால்தான் மக்காச்சோளம். இல்லாதவர்கள் அறுவடைக்கு முன்பே நெற்பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவது நல்லது. எஞ்சிய ஈரத்திலேயே அது விளைந்துவிடும். கிணறு இருப்பவர் ஜனவரி இறுதியில் விதைத்தால், 50 முதல் 55 நாளில், மார்ச் பிற்பாதியில் பூ வரும். இந்தத் தேதி முக்கியம். பூக்கும் வாரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏற ஏற மகரந்தம் நலிந்து, கதிரில் மணி விழாத வெற்றிடங்கள் கூடும். குறுவைக்குப் பின் நடும் தாளடி நெல் வயல் மார்ச்சில்தான் காலியாகிறது என்றால், பூக்கும் காலம் கத்திரி வெயிலில் போய் விழும். அங்கே நீண்ட நாள் ஒட்டைப் போடுவதில் பொருளே இல்லை. குறுகிய நாள் ஒட்டு, இல்லாவிட்டால் தீவனச் சோளம். சோளம் வெப்பத்தையும் வறட்சியையும் மக்காச்சோளத்தைவிட நன்றாகத் தாங்கும்.

இரண்டாவது இடைவெளி ஆனி, ஆடி. கொள்ளிடக் கரைப் படுகைகள், மேட்டு நிலங்கள், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து இலகுவான மண் ஆகியவற்றில் ஜூன் பிற்பாதியில் விதைத்தால், வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபருக்குள் அறுத்து மூட்டை கட்டிவிடலாம். மழைக்குப் பின் அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வயலில் இறங்காது.

விதைப்பையில் அச்சிட்டிருக்கும் நாள் மணி அறுவடைக்கானது. ஊறுகாய்ப்புல்லுக்கான பக்குவம் அதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே வந்துவிடும். 105 நாள் என்று போட்டிருந்தால் 85 நாளிலிருந்தே வயலுக்குப் போய்ப் பார்க்கத் தொடங்க வேண்டும். வயல் காலியாகும் தேதியையும் மழை அல்லது வெயில் தொடங்கும் தேதியையும் எழுதிக்கொண்டு, இடையில் அடங்கும் ஒட்டுகளை மட்டும் பட்டியலில் வையுங்கள். அதற்குப் பிறகுதான் கதிர், தட்டை என்ற தரக் கணக்கெல்லாம்.

பால்கோட்டைப் பார்ப்பது எப்படி?

வரப்போரத்துச் செடிகளை விட்டுவிட்டு வயலின் உள்ளேயிருந்து ஒரு கதிரைப் பறியுங்கள். மட்டையை உரித்துக் கதிரை நடுவில் ஒடியுங்கள். நுனிப்பாதியைக் கையில் பிடித்து, ஒடிந்த முகத்தில் தெரியும் மணிகளை வெளிச்சத்தில் பாருங்கள். மணியின் மேற்பகுதி அடர் மஞ்சளாகக் கெட்டிப்பட்டும், அடிப்பகுதி வெளிறிப் பாலோடும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓடும் எல்லைதான் பால்கோடு. மாவு மேலிருந்து கீழ்நோக்கி நிரம்பிக்கொண்டே வருவதால் கோடு நாளுக்கு நாள் இறங்கும். கண்ணுக்குத் தெளிவாகப் படவில்லையென்றால் மேலிருந்து நகத்தால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நகம் உள்ளே இறங்கிப் பால் பீறிடும் இடம் அது. கோடு மணியின் பாதிக்கு வந்துவிட்டால் செடி பெரும்பாலும் 32 சதவீதத்தை நெருங்கியிருக்கும். மணி நசுக்கும் கருவி இல்லாத நாம் இந்தப் பாதியிலேயே அறுத்துவிடுவது நல்லது.

பால்கோடு குறிப்புக் காட்டும்; உறுதி செய்ய எடை போட வேண்டும். ஐந்தாறு செடிகளை நறுக்கிக் கலந்து ஒரு கிலோ நிறுத்து எடுத்து, எடை இனிக் குறையாது என்னும் நிலைவரை உலர்த்துங்கள். மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் சிறிது சிறிதாக வைத்து அன்றே முடிக்கலாம். இல்லாவிட்டால் மொட்டை மாடி வெயிலில் காயவைக்கலாம், கொஞ்சம் நாள் பிடிக்கும்; வெயிலில் சிறிது ஈரம் எஞ்சும் என்பதால் கணக்கு தோராயமாகத்தான் இருக்கும். 330 கிராம் எஞ்சினால் உலர்பொருள் 33 சதவீதம். அவசரத்துக்கு, நறுக்கிய தீவனத்தைக் கைப்பிடியாக எடுத்து ஒரு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் சாறு வழிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. சாறு வராமல், கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாகப் பிரிந்தால் பக்குவம். சட்டென்று உதிர்ந்தால் காலம் கடந்துவிட்டது.

காற்று, பூச்சி, நோய், இடைவெளி

2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு இப்போது நிரந்தர விருந்தாளி. குருத்தைத் தின்பதோடு நிற்காமல் கதிருக்குள்ளும் புகும்; புகுந்த ஓட்டை வழியே பூசணம் வரும். மருந்தடித்தால் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களைப் பெட்டியில் பார்த்துக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும், செடி முழுவதுமே மாட்டின் வயிற்றுக்குப் போகிறது என்பதால். அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் ஒட்டா என்பதையும் விதைக் கடையில் கேட்க வேண்டும். வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதிகளில் கிணற்று நீர் உப்பாக இருந்தால், ரகம் எதுவானாலும் மக்காச்சோளம் சுணங்கும்.

இடைவெளி 60-க்கு 25 சென்டிமீட்டர். ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடிகள். தீவனம்தானே என்று நெருக்கி விதைத்தால் தண்டு மெலிந்து கதிர் சிறுத்துவிடும். டெல்டாவில் குழி வெட்டிப் பதப்படுத்துவதும் சரிப்படாது. நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும் ஊரில் குழிக்குள் ஊற்றெடுக்கும். தரைக்கு மேல் கட்டிய தொட்டியோ, காற்றுப் புகாத பையோதான் ஏற்றது.

எந்த மாட்டுக்கு?

நாளுக்கு 10 லிட்டருக்கு மேல் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு நாரும் நன்றாகச் செரிக்க வேண்டும், மாவும் வேண்டும். அங்கே தட்டையின் மென்மைக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கும் எருமைக் கிடாக் கன்றுகளுக்கு எடை ஏறுவதே நோக்கம். கதிர் கனத்த, உலர்பொருள் மகசூல் மிகுந்த ஒட்டு போதும். வற்றிய பசுவுக்கும், உழவுக்கு நிற்கும் உம்பளாச்சேரிக் காளைக்கும் மாவு மிகுந்த தீவனத்தை வயிறு நிறையப் போட்டால் வீண் கொழுப்புத்தான் சேரும். அவற்றுக்கு வைக்கோலோடு சிறிதளவு கலந்தால் போதும்.

எந்த மாடானாலும், மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லில் புரதம் 7 முதல் 9 சதவீதம்தான். பிண்ணாக்கையும் தாது உப்பையும் நிறுத்திவிட்டு இதை மட்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பால் குறைவதைக் கண்டு பிறகு ரகத்தைக் குறை சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்கும்போது ஒரு வாரம், பத்து நாள் எடுத்துச் சிறிது சிறிதாக அளவைக் கூட்ட வேண்டும். ஒரேயடியாக மாவைக் கொட்டினால் இரைப்பை புளித்து மாடு படுத்துவிடும்.

முழு ஏக்கருக்கு முன் இரண்டு துண்டு

ஐந்து பசுக்களுக்குக் கோடையில் 120 நாள், தலைக்கு 15 கிலோ என்றால் 9 டன். சேமிப்பில் கழிவதையும் சேர்த்தால் பத்தரை டன். ஏக்கருக்கு 15 டன் விளைந்தால் 70 சென்ட் நிலம் போதும். அந்த 70 சென்ட்டில் முதல் பட்டத்திலேயே ஒரே ஒட்டைப் போடாமல், நாள் கணக்குக்குள் அடங்கும் இரண்டு மூன்று ஒட்டுகளை அடுத்தடுத்த துண்டுகளில், ஒரே நாளில், ஒரே உரத்தில் விதையுங்கள். மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் போன ஒட்டு நீரால் தோற்றதா, இயல்பால் தோற்றதா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

பால்கோடு பாதிக்கு வரும் நாளை ஒவ்வொன்றுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று ஒவ்வொரு துண்டிலும் அளந்த பரப்பில் அறுத்து எடை போடுங்கள். ஒரு கிலோவை உலர்த்துங்கள். ஐந்து செடிகளின் கதிரைத் தனியே பிரித்து, கதிரும் தட்டையும் காய்ந்தபின் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். பச்சை எடை, உலர்பொருள் சதவீதம், கதிரின் பங்கு, சாய்ந்த செடிகள், பக்குவமான நாள் என்று ஐந்து எண்களை ஒரு நோட்டில் எழுதிவிட்டால், அடுத்த பட்டத்துக்கு விதைக் கடைக்குப் போகும்போது எந்த ஒட்டை எத்தனை கிலோ கேட்பது என்பது அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.